திருத்திய விடை

மேற்கே வானளாவி நிற்கும் மலைத்தொடர் கார்முகிலைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு தன் காலடியில் கிடக்கும் ஊரைக் குனிந்து நோக்க, அதன் அடிவாரத்தே ஏலமணம் கமழும் போடிநாயக்கனூர் ஆடித் திங்களின் முற்பகல் வெயிலில் சுறுசுறுத்துக்கொண்டிருந்தது. கணவாய் வழியே சீறி இறங்கிய காற்று தென்னங்கீற்றுகளைக் கோதிச் சென்றது. கொட்டகுடி ஆறு மலைமேற் பெய்த மழையின் செந்நீரைச் சுமந்து சலசலத்தது. விடியுமுன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குச் சென்ற ஊர்திகள் வெறுமையாய்த் திரும்பி நிழல்தேடி நின்றன. வணிகர் கூடும் மண்டபத்தில் பச்சை மணிகளை உள்ளங்கையில் உருட்டித் தரங்காண்போர், அன்று ஏலத்தைப் பற்றியன்று, ஒரு மனிதரைப் பற்றியே மிகுதியாகப் பேசினர். படிப்போரே, ஓர் ஊர் தான் ஈன்ற மகனை எண்ணிப் பெருமிதம் கொள்ளும்போது, அதன் தெருக்களுக்கே ஒரு நிமிர்ந்த நடை வந்துவிடுகிறது.

அம்மனிதர் இலிங்கேசுவரன். சிலமலையில் உழவர் குடியில் பிறந்து, போடியிலே பதினெட்டாண்டு வழக்குரைஞராய் இருந்து, இருமுறை தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்து, பாதுகாப்புத் துறைக்கும் சட்டத் துறைக்கும் இணையமைச்சராய் அமர்ந்தவர். முந்தைய வாரம் வினா நேரத்தில், எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் நான்கு கூறாக ஒரு வினாத் தொடுத்திருந்தார். எல்லைப் பனிமலைகளில் காணாமற்போன வீரர் எத்துணையர். அவருள் பணியைக் கைவிட்டு ஓடியவரென முடிவு கட்டப்பட்டோர் எத்துணையர். அம்முடிவுக்கு முன் அவர்தம் குடும்பத்தாரின் சொல் கேட்கப்பட்டதா. கேட்டே ஆகவேண்டுமெனச் சட்டம் திருத்தப்படுமா என்பன அவை. இலிங்கேசுவரன் எழுந்தார்; எண்களைத் தாள்பாராமலே அடுக்கினார்; “ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைப்படி அறிவிப்பு அனுப்பப்பட்டு, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பமும் வாங்கப்பட்டுள்ளது; ஆகவே சட்டத் திருத்தம் பற்றிய வினா எழவில்லை” என்று முடித்தார். தெள்ளிய அவ்விடை கேட்டு ஆளும் வரிசையினர் மேசையைத் தட்டினர். போடியில் அதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள், நம்மூர்க்காரன் எப்படிப் பேசுகிறான் பார் என்று மார்தட்டினர்.

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அமைச்சரைக் காணப் பயணியர் மாளிகையில் மனுவும் மாலையுமாய்க் கூட்டம் திரண்டிருந்தது. அக்கூட்டம் கரைந்தபின், சுவரோரம் இரு நாழிகையாய் நின்றிருந்த பெண்ணொருத்தி முன்வந்தாள். நாற்பது வயதிருக்கும், காய் பறித்துப் பறித்துக் கறுத்த விரல்கள், அவ்விரல்களில் நெகிழித்தாள் சுற்றிய ஒரு மடல்.

“வக்கீலய்யா, என்னயத் தெரியுதா? நான் மொக்கம்மா. சிலமலை அமாவாசை பொண்டாட்டி.”

தெரிந்தது. ஏழு குளிர்காலத்துக்கு முன் வடவெல்லையில் பனியிடையே மறைந்துபோன வீரன் அமாவாசை. அவன் கதி கேட்டு அவன் மனைவிக்காகப் படைத்துறைக்கு ஒரு மனு எழுதித் தந்ததும் அமைச்சருக்கு நினைவு வந்தது.

“டிவியில நீங்க சொன்னதக் கேட்டேன்யா,” என்றாள் அவள். “எல்லாக் குடும்பத்துக்கும் நோட்டீசு போச்சு, கையெழுத்தும் வாங்கியிருக்குன்னீக. எனக்கு ஒண்ணும் வரல. அவரு ஓடிப்போனவருன்னு முடிவாயிருச்சுன்னு பொறகு ஒரு நாளு பட்டாளத்துக்காரக ஊருக்குள்ள வந்து சொல்லிட்டுப் போனாக. அம்புட்டுத்தான்.”

“எந்த விலாசம்மா குடுத்திருந்த?”

“நான் மலையில இன்னிக்கு ஒரு எஸ்டேட்டு, நாளைக்கு ஒரு எஸ்டேட்டுன்னு கெடக்குறவ. மனு எழுதுனப்ப உங்க ஆபீசு விலாசத்தத்தான போட்டீக.”

“என் ஆபீசுக்கு எதுவும் வரல. வந்திருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?” என்ற இலிங்கேசுவரனின் முகம், உலையிலிட்ட இரும்பெனச் சிவந்தது. தம் நாவைக்கொண்டு எவரோ பொய் பேசுவித்தனர் என்ற எண்ணமே அவரைச் சுட்டது. “சபையில என்னயப் பொய் சொல்ல வச்சிருக்காக. யாருன்னு பாக்குறேன்.”

அவள் நெகிழித்தாளை அவிழ்த்து மடலை நீட்டினாள். மலையாளத்தில் எழுதப்பட்டது, அமாவாசையோடு ஒரே காவலிடத்தில் இருந்த வருகீசு என்னும் வீரன் எழுதியது. தோட்டத்துக் கண்காணி அதைப் படித்துச் சொல்ல, ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அன்று மாலை பனிப்புயல் வீசியது. கீழ்க்காவலுக்குச் சென்ற இளவீரன் ஒருவன் திரும்பவில்லை. அன்றைய காவல் முறையில் அமாவாசையின் பெயர் இல்லை. ஆயினும், நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியவன் அவனே. சற்று நேரத்தில் பனிச்சரிவு முழுதும் இடிந்து விழுந்து காவலிடத்தையே மூடியது.

“காலு ரெண்டும் போயி ஆஸ்பத்திரில கெடந்தப்ப வருகீசு எழுதுனதுய்யா. அவரக்கூட யாரும் ஒரு வார்த்த கேக்கல. முடிவானப்பொறகு இதக் கொண்டுபோயிக் காட்டுனா, இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாக.”

அமைச்சர் உடனே தம் செயலர் வித்தியாவை அழைத்து, அமாவாசையின் கோப்பு முழுவதும் மறுநாளுக்குள் தம் கைக்கு வரவேண்டும் என்றார். குற்றவாளி எவனாயினும் தப்பவிடேன் என்று அவர் கூறியபோது, அறத்தின் சினம் அவர் குரலில் முழங்கியது, அதில் ஐயமில்லை.

மறுநாள் பிற்பகல், போடிமெட்டில் ஒரு விழாவுக்காக அவருடைய மகிழுந்து மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே சமவெளி, வண்ணக் கட்டங்கள் நெய்த விரிப்புப்போல் தென்னையும் வாழையும் கரம்புமாய் விரிந்து கிடக்க, ஏழாம் வளைவில் வித்தியாவின் கைப்பேசிக்குக் கோப்பின் படிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு தாளாகப் பார்த்துவந்தவள் ஒரு தாளில் விரலை நிறுத்தினாள். கைப்பேசியை அமைச்சரிடம் நீட்டினாள்.

அஞ்சல் பெற்றுக்கொண்டமைக்கான சீட்டு அது. அதன் அடியில் ஒரு கையொப்பம். முதலெழுத்தின் வால் நீண்டு சுழன்று, பெயர் முழுவதையும் கொடிபோல் வளைத்துக்கொள்ளும் கையொப்பம். பள்ளி நாளிலிருந்து அவர் தாமே பழகிப் பழகி அழகு செய்துகொண்ட கையொப்பம்.

எதிரியைத் தேடி வாளுருவி இருட்குகையுள் பாய்ந்தவன், அங்கே கண்ணாடியொன்றில் தன் முகத்தையே கண்டு நின்றதைப்போல் நின்றது இலிங்கேசுவரனின் நெஞ்சு. “வண்டிய நிறுத்துப்பா,” என்றார். இறங்கிப் பாதையோரக் கற்சுவரைப் பற்றிக்கொண்டார். பள்ளத்திலிருந்து எழுந்த காற்று அவர் மேலாடையைப் பிடுங்கியதையும் அவர் உணரவில்லை. சீட்டிலிருந்த நாள் அவருக்கு மறக்கவொண்ணாத நாள். கட்சி அவரை முதன்முதல் வேட்பாளராய் அறிவித்த நாள் அது. அலுவலகம் கொள்ளாத கூட்டம், வாசலில் பறைமுழக்கம், கழுத்தை நிமிரவிடாத மாலைகள். அவற்றினூடே நெருக்கியடித்து வந்த அஞ்சற்காரர் நீட்டிய இடத்தில், அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். உறையில் யார் பெயர் இருந்தது என்று பார்த்தாரில்லை.

வித்தியா அருகில் வந்து நின்றாள். “ஐயா, ஒரு வகையில இது நல்லதுதான். நாம சொன்ன விடை சரின்னு இந்தச் சீட்டே சாட்சி. இதுக்கு மேல யாரும் நம்மளக் கேக்கமாட்டாங்க.”

“அதாம்மா பயமா இருக்கு,” என்றார் அவர்.

விழாவுக்கு வரவியலாது என்று சொல்லியனுப்பிவிட்டு வண்டியைத் திருப்பச் செய்தார். ஆறாண்டாய்ப் பூட்டிக் கிடந்த பழைய அலுவலகத்தைத் திறந்து, தூசி மூக்கையடைக்க, தீர்ந்த வழக்குகளின் கட்டுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தார். தேர்தல் வாழ்த்து மடல்களின் கட்டொன்றில், இரு வாழ்த்துகளுக்கிடையே, அந்தப் பழுப்பு உறை இருந்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. அதனைக் கையிலெடுத்தபோது, தம் கையால் மண்ணிட்டு மூடிய ஒருவன் உள்ளிருந்து மூச்சு விடக் கேட்டவர்போல் பின்வாங்கினார். ஆயினும் அதைப் பிரித்தாரில்லை. பிரிக்கும் உரிமை தமக்கில்லை என்று அப்பொழுதேனும் அவருக்குத் தோன்றிற்று.

மறுநாள் மீண்டும் மலையேறி, மாநில எல்லை கடந்து, ஏலத்தோட்டத்தை அவர் அடைந்தபோது வேலை முடியும் நேரம். நெடுமரங்களின் நிழலில், சேலைக்குமேல் ஆண்சட்டை அணிந்த பெண்கள் செடியின் தூரருகே குந்தி, மண்ணோடு படர்ந்த சரங்களிலிருந்து காய் எடுத்துக்கொண்டிருந்தனர். மொக்கம்மாள் எழுந்து கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் உறையை இருகையாலும் நீட்டினார். “எங்கிட்டத்தாம்மா இருந்துச்சு. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். பிரிச்சுக்கூடப் பாக்கல.”

அவள் அதை உடனே வாங்கவில்லை. உறையையும் அவர் முகத்தையும் மாறிமாறி நோக்கினாள். சுற்றியிருந்த பெண்களின் கைகளும் நின்றுவிட்டன. பிறகு வாங்கி, ஓரத்தை மெல்லக் கிழித்துத் தாளை வெளியிலெடுத்து, அவரிடமே கொடுத்தாள்.

“இங்கிலீசுல இருக்கு. என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க.”

அவர் படித்துச் சொன்னார். காவல் முறையில் பெயரின்றியே இடம்விட்டு அகன்றமையால், உம் கணவர் பணியைக் கைவிட்டதாகக் கருத இடமுளது. மறுத்துக் கூற ஏதேனும் இருப்பின் அறுபது நாளுக்குள் தெரிவிக்கவும். தவறினால் முடிவு செய்யப்படும். அவ்வளவே.

“அறுபது நாளா,” என்றாள் மொக்கம்மாள். “எனக்கு மூணு நாளு போதுமேய்யா. வருகீசு லெட்டரு அப்பவே எங்கையில இருந்துச்சே.” அருகிலிருந்த மரத்தில் சாய்ந்துகொண்டாள். “எங்க மாமியா தெனம் வாசல்ல ஒக்காந்திருக்கும். எம்மகன் ஓடுற பய இல்லன்னு போற வாற ஆளுகிட்டயெல்லாம் சொல்லும். ஒரு நாளு ஒருத்தன் சிரிச்சுட்டான். அதுக்குப் பொறகு வெளிய வரவே இல்ல. போன தைக்கு முந்துன தையில போயிருச்சு. கடைசியில எங்கிட்டயே கேட்டுச்சு, நெசமாவே ஓடிட்டானாடின்னு.”

நாடாளுமன்றத்தில் எத்தனையோ வினாக்களுக்கு இமைக்கும் பொழுதில் விடையிறுத்த இலிங்கேசுவரனின் நா, அம்முதியவளின் வினாவின் முன் வேரற்ற செடியென வாடிக் கிடந்தது.

“நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா,” என்றார் கடைசியாக.

“சபையில சொன்னீகல்ல? அங்கனயே சொல்லுங்க.”

அடுத்த திங்கட்கிழமை வினா நேரம் முடிந்ததும், முன்னர் அளித்த விடையொன்றைத் திருத்த அவைத் தலைவரின் இசைவு பெற்று அமைச்சர் எழுந்தார். எண்ணில் ஏதோ பிழை போலும் என்று உறுப்பினர் பலர் தத்தம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தனர்.

“சிப்பாய் அமாவாசையின் குடும்பத்துக்கு அனுப்பிய அறிவிப்பு பெறப்பட்டது என்று இந்த அவையில் கூறினேன். அது பெறப்பட்டது உண்மை. பெற்றவன் நான். அவருடைய மனைவியின் வழக்குரைஞனாகக் கையொப்பமிட்டு வாங்கி, பிரிக்காமல் ஆறாண்டு வைத்திருந்தவனும் நானே. ஒரு கையொப்பம் இருந்தால் ஒரு குடும்பத்தைக் கேட்டதாகிவிடும் என்பது இன்றைய சட்டம். அச்சட்டத்தை வைத்துக்கொண்டு, திருத்தம் பற்றிய வினா எழவில்லை என்றேன். அது எழுகிறது. குடும்பத்தாரின் கையில், அவர்கள் அறிந்த மொழியில், அறிவிப்பு சேர்க்கப்படவேண்டும். அவர்களை நேரில் கேளாமல் எந்த வீரனையும் ஓடியவன் என்று எழுதலாகாது. இதனை முன்மொழிந்து, என் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.”

கடல் ஒருகணம் அலையடிக்க மறந்தால் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது அவை. வினாவை முதலில் எழுப்பிய எதிர்வரிசை உறுப்பினர், எழுவதற்குப் பாதி நிமிர்ந்து, மீண்டும் அமர்ந்தார். இலிங்கேசுவரன் தம் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு, எவர் முகத்தையும் நோக்காமல் வெளியேறினார். அன்று மாலை போடியில் அவரைச் சிலர் ஏசினர். சிலர் பித்தன் என்றனர். அவர் படம் ஒட்டிய சுவர்களில் வேறு படங்கள் ஏறின.

சட்டத் திருத்தம் குழுவின் ஆய்வுக்குச் சென்று, இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அமாவாசையின் கோப்பு மீண்டும் திறக்கப்பட்டது. வருகீசு உருளை நாற்காலியில் வந்து சான்று கூறினான். மார்கழியில் மூன்று வீரர்கள் சிலமலைக்கு வந்து, ஊர் கூடிய இடத்தில், தோழனைக் காக்கச் சென்று கடமையில் வீழ்ந்தவன் அமாவாசை என்று தமிழில் படித்து, அத்தாளை மொக்கம்மாளின் கையில் கொடுத்தனர். அவள் அதை வாங்கிக்கொண்டு ஊர்க்கோடிச் சுடுகாடு வரை தனியே நடந்து சென்று, மாமியாரை எரித்த இடத்தில் நின்று, படிக்கத் தெரியாத காரணத்தால் தன் சொல்லிலேயே அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கூட்டத்தின் கடைசியில், கறுப்பு அங்கியின்றி, பதவியின்றி நின்றிருந்த இலிங்கேசுவரனைக் கண்டு அவள் நின்றாள். அவர் கைகூப்பினார். அவள் கூப்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

“திரும்பவும் வக்கீல் வேலதான் பாக்குறீகளாம்ல.”

“ஆமாம்மா.”

“பாருங்க. காயிதம் வந்தா பிரிச்சுப் பாருங்கய்யா,” என்று சொல்லிவிட்டு, மலைக்குப் புறப்பட்ட ஊர்தியை நோக்கி நடந்தாள்.

அரசுகள் பிழைபட எழுதுவதும் பின் திருத்தி எழுதுவதும் உலகியல். தாளில் ஏறிய சொல்லைத் தாளிலேயே அடித்துவிடலாம். ஒரு தாயின் செவியில் ஏறிய சொல்லை, அவள் செவி இருக்கும்போதே அன்றோ அடிக்கவேண்டும். உண்மை காலந்தாழ்த்தி வந்தாலும் உண்மையே. ஆயினும் அதற்காகக் காத்திருந்து இல்லாமற்போனவர்க்கு அது விடையாவதில்லை.