மருந்தடிக்காத பாதி

மன்னவனூர்ச் சமுதாயக் கூடத்தில் அகிலன் பேசி முடித்தபோது முதலில் யாரும் சிரிக்கவில்லை. காதில் தப்பாக விழுந்துவிட்டதோ என்றுதான் நினைத்தார்கள்.

அகிலன் வேளாண் பல்கலைக்கழகத்தின் மலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்தான். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இலைக்கருகலைத் தாங்கக்கூடிய புது உருளைக்கிழங்கு ஒன்றை நிலையத்துக்குள் பல வருஷமாக வளர்த்துப் பார்த்தாயிற்று; இனி ஒரு விவசாயியின் தோட்டத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். பாதித் தோட்டத்தில் புதுக் கிழங்கு. மறுபாதியில் ஊரே போடும் பழைய கிழங்கு. இரண்டுக்கும் ஒரு சொட்டு மருந்து அடிக்கக் கூடாது.

“கருகல் வந்தா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

“வரணும்ங்க. வந்தாத்தானே எது தாங்குதுன்னு தெரியும்.”

அப்போதுதான் கூடமே சிரித்தது. நட்டத்தை நிலையம் ஈடுகட்டும் என்று அவன் சொன்னது அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. செடி கண்முன்னால் கருகுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க எந்தச் சம்சாரிக்கு மனசு வரும்?

பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் புவனா கையைத் தூக்கினாள்.

அவள் புருஷன் கந்தவேல் இருபது வருஷம் மருந்து டேங்கை முதுகில் சுமந்தவர். மழை பிடித்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு தரம் அடிப்பார். அடித்துவிட்டு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சோறு இறங்காது. நுரையீரல் கெட்டு அவர் இறந்தபோது, மருந்தால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரே மகள் கோயம்புத்தூரில் குடித்தனம். வீட்டில் புவனாவும் வானொலிப் பெட்டியும்தான்.

மறுநாள் வெள்ளனே கந்தவேலின் தம்பி முருகானந்தம் வாசலில் வந்து நின்றான். அவன் தோட்டமும் அவள் தோட்டமும் ஒரே வேலி.

“மதினி, ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? ஒங்க பக்கம் கருகல் விழுந்தா வேலியத் தாண்டாம நிக்குமா?”

“ஒன் பக்கத்துக்கு அவங்களே ஆள் விட்டு மருந்தடிச்சுத் தர்றாங்களாம் தம்பி.”

“அடிப்பாங்க, எம் பொழப்புல மண்ண!”

அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் மனைவி ஜெயா, கேரட் கழுவும் தொட்டியடியில் தினமும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவள், மறுவாரத்திலிருந்து தூரத்துத் தொட்டிக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஊரில் மற்றவர்களும் புவனாவைக் கண்டால் “என்ன, காலேசுக்காரம்மா” என்றார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

விதை ஊன்றி, முளைத்து, மண் அணைத்தாயிற்று. அகிலன் வாரம் தவறாமல் வந்தான். வரிசை வரிசையாகக் குத்தவைத்து இலைகளைத் திருப்பிப் பார்ப்பான். புவனா சுக்குக் காப்பி போட்டு எடுத்துப் போவாள். காட்டெருமை வந்து வேலியை முட்டியது, மகள் உண்டாகியிருப்பது என்று அவனிடம் சொல்ல வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பாள். அவன் “அப்படியாம்மா” என்பான். கண் இலையில் இருக்கும். ஒருநாள் மட்டும் காப்பியை வாங்கிக்கொண்டு, “எங்கம்மாவும் இப்படித்தான் சுக்கத் தூக்கலாப் போடுவாங்க” என்றான். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் பல நாள் வந்தது.

பூ எடுக்கும் சமயத்தில் மழை பிடித்தது. மழை விட்டால் மஞ்சு. மஞ்சு கலைந்தால் மறுபடி மழை. பூம்பாறைக்கு மேலே சாலையில் மண் சரிந்து பஸ் நின்றது. போனிலும் சிக்னல் போயிற்று. அகிலன் வரவில்லை.

பழைய கிழங்குப் பாதியில் முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருப்புப் புள்ளி விழுந்தது. இலைக்கடியில் வெள்ளையாய்ப் பூசணம். அப்புறம் நெருப்பு வைத்ததுபோல் வரிசை வரிசையாகக் கருகிச் சாய்ந்தது. அழுகல் நாற்றம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அதுதான் மூக்கில் ஏறியது. புதுக் கிழங்கு பச்சையாகத்தான் நின்றது. ஆனால் அதிலும் சில இலைகளில் புள்ளி தெரிந்தபோது அவள் வரிசை முழுக்க இலை இலையாகத் திருப்பிப் பார்த்தாள்.

சொல்லி அழ ஆள் இல்லை. மகளுக்குப் போன் போகவில்லை. தொட்டியடியில் யாரும் இல்லை.

அன்று முருகானந்தம் வேலியோரம் வந்தான். மாதக்கணக்குக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தது அப்போதுதான். கையில் மருந்துப் பொட்டலம்.

“பாக்கச் சகிக்கல மதினி. அண்ணன் ஒழச்ச மண்ணு. ஒரு தரம் அடிச்சு விடுங்க. எந்த சாரு வந்து பாக்கப் போறாரு? அவரு வர்றதுக்குள்ள மழையே கழுவிரும்.”

அவன் கெடுதலாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் இருந்தது. பொட்டலத்தை வேலிக்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

புவனா மருந்தைக் கரைத்தாள். டேங்கை முதுகில் மாட்டினாள். வாரின் பாரம் தோளில் இறங்கியது. கருகலுக்கும் பச்சைக்கும் நடுவிலிருந்த வாய்க்கால் வரப்பில் போய் நின்று, கைப்பிடியை அழுத்தப் போனாள்.

இந்தப் பக்கம் அடித்துவிட்டால் இது துளிர்க்கும். அப்போது அந்தப் பக்கம் பச்சையாக இருப்பதற்கு என்ன அர்த்தம்? இந்த வருஷம் கருகல் கம்மி, அதனால் பிழைத்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இது செத்தால்தான் அது பிழைத்தது என்று உலகத்துக்குத் தெரியும். இத்தனை நாள் ஊர்ப்பேச்சு கேட்டது, ஜெயாவை இழந்தது எல்லாமே அதற்காகத்தான். ஒரு டேங்க் மருந்தில் எல்லாம் போய்விடும்.

டேங்கை இறக்கிக் கொட்டகையில் வைத்தாள். மழையிலேயே வரப்பில் உட்கார்ந்து, கருகிய செடிகளைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். மழைச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

சாலையை ஒழுங்கு செய்யுமுன்பே அகிலன் மண்சரிவைத் தாண்டி நடந்து வந்துவிட்டான், முழங்கால்வரை சேறோடு. தோட்டத்தைப் பார்த்ததும் குழந்தைபோல் கத்தினான். “அம்மா! இவ்வளவு தெளிவா எங்க நிலையத்துலகூட வந்ததில்லம்மா!” கருகிய பாதியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். புதுச் செடியின் புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, “இங்கேயே நின்னுருச்சு பாருங்க, பரவல” என்றான். வெகுநேரம் கழித்துத்தான் அவள் முகத்தைக் கவனித்தான்.

“ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?”

“பாடுபடுறதுல கஷ்டமில்ல சார். சும்மா பாத்துக்கிட்டு இருக்குறதுதான் கஷ்டம்.”

அவன் தலையாட்டினான். மறுபடி குனிந்து இலைகளை எண்ணத் தொடங்கினான்.

தோண்டியபோது புதுப் பாதியில் சாக்கு சாக்காகக் கிழங்கு வந்தது. பழைய பாதியில் கூழ். அதற்குப் பின் அகிலனுக்கு அங்கே சோலி இல்லை. சில மாதம் போனில் பேசினான். பிறகு வடக்கே வேறு ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறிப் போனான். முருகானந்தம் பேசத் தொடங்கினான், அளந்து அளந்து. ஜெயாவுக்குத் தூரத்துத் தொட்டியே பழகிவிட்டது.

மூன்று வருஷம் கழித்துக் கொடைக்கானலில் விழா எடுத்து அந்தக் கிழங்கை வெளியிட்டார்கள். புவனாவுக்கும் அழைப்பு வந்தது. பட்டுச்சேலை கட்டிப் போனாள். அகிலன் வந்திருக்கவில்லை. மேடைத் திரையில் அவள் தோட்டம் வந்தது, பாதி பச்சை, பாதி கருப்பு. “மன்னவனூர் விவசாயி ஒருவரின் வயல்” என்றார் பேசியவர். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாததால் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

பக்கத்து இருக்கையில் கவுஞ்சிக்காரப் பெண் ஒருத்தி, காலடியில் விதைக்கிழங்குப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

“போன வருசம் பரிச்சைக்குன்னு எங்களுக்குக் கொஞ்சம் குடுத்திருந்தாங்கக்கா. கருகல் எட்டிப் பாத்துச்சு, ஆனா ஒக்காரல. இந்த ஆடிக்கு எங்கம்மா வீட்டுல போயி பத்து நாளு இருந்துட்டு வந்தேன். கல்யாணம் ஆன நாள்லருந்து மழைக்காலத்துல ஊருக்குப் போனதே இல்ல. மருந்தடிப்புச் சோலி எங்க விடும்?”

என் தோட்டத்தில்தான் அது முதலில் நின்றது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

“அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்டாள் புவனா.

அவ்வளவுதான். அந்தப் பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். மூட்டுவலி, வளர்க்கும் கோழி, ஊட்டிவிட்ட கேப்பைக்களி. மன்னவனூர் வரும்வரை புவனா கேட்டுக்கொண்டே வந்தாள். நிறுத்தத்தில் அவள் இறங்கியதும் அந்தப் பெண் ஜன்னல் வழியே கையசைத்தாள். பஸ் கவுஞ்சிப் பக்கம் திரும்பி மஞ்சுக்குள் போயிற்று. சத்தம் ஓயும்வரை நின்றுவிட்டு, புவனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.