ஆற்றை அடைப்புக்குறிக்குள் போட்டவர்

1

இந்தக் கதை சவரக்கடையில் பிறந்தது. முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, பலகையில் கிடந்த பழைய செய்தித்தாளில் ஒரு படம் கண்ணில் பட்டது. எந்த நாட்டுக் குடியரசுத் தலைவரோ, மேசைமேல் குனிந்திருக்கிறார். பேனா காகிதத்தைத் தொடவில்லை. என்ன காகிதம் என்று கீழே வாசிப்பதற்குள் சவரக்காரர் அந்தப் பாதியைக் கிழித்துக் கத்தியிலிருந்த நுரையை வழித்துவிட்டார். கேட்டால், "முக்கியமான சமாசாரம்னா நாளைக்கும் போடுவாங்க" என்றார்.

போடவில்லை. மீதி என் தலையில் விழுந்தது.

2

முதல் தொடக்கம்: 'அவர் பிறந்த அன்று வானம் இடித்து…' வேண்டாம். தலைவர்கள் பிறந்தாலே இடித்துவிடுகிறது.

இரண்டாவது: 'சிறு வயதிலேயே அவர் கண்ணில் ஒரு…' ஒரு என்ன? தூசியாகத்தான் இருக்கும்.

மூன்றாவது: அவர் தூதராக இருந்தார். இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

தூதர்களிடம் ஒரு தொழில் வழக்கம் உண்டு. ஒப்பந்தம் எழுதும்போது ஏதாவது ஒரு சொல்லில் இரு தரப்பும் முட்டிக்கொண்டால், அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். சண்டை அப்புறம், சாப்பாடு முதலில். நம்மவர் இதில் மன்னர். எல்லையில் ஓடும் ஆறு யாருக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆற்றையே அடைப்புக்குறிக்குள் போட்டார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆறுதான் பாவம், தன் கதி என்னவென்று தெரியாமல் ஓடாமல் நின்றுவிட்டதாம்.*

* படகுக்காரர்கள் சொன்னது. அவர்கள் பொய் சொல்வதென்றால் மீனைப் பற்றித்தான் சொல்வார்கள். ஆற்றைப் பற்றிச் சொல்லி என்ன லாபம்?

3

அவர் மனைவியை முதலில் வாய் திறக்காத பெண்மணியாக எழுதினேன். அது ஒரு பத்திகூடத் தாங்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "சாதகமாகப் பரிசீலிக்கப்படும்" என்று சொன்ன மனிதரோடு குடித்தனம் நடத்தியவர் எப்படி வாயைத் திறக்காமல் இருப்பார்? பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் பரிசீலனையிலேயே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை அவன் வெறும் 'தம்பி'தான்.

அவர் குடியரசுத் தலைவரானதும் அப்படித்தான். ஆளுங்கட்சி, நம்ம ஆள் என்றது. எதிர்க்கட்சியும் அதையே சொன்னது. இரண்டு பேரும் அவரோடு மணிக்கணக்கில் பேசியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அவர் தலையாட்டியிருந்தார். பதவியேற்பில் 'உறுதி கூறுகிறேன்' என்று வரும் இடத்தில் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

4

இதுவரை கதையில் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படியே விட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒரு கழுத்தைக் கொண்டுவருகிறேன்.

கழுத்துக்குச் சொந்தக்காரன் சுவருக்கு வெள்ளையடிக்கிறவன். சிறையில் அவனுக்குப் பெயர் சுண்ணாம்பு. மேஸ்திரியைச் சாரத்திலிருந்து தள்ளிக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை. விடிந்தால் நாள். கருணை மனு தலைவரின் மேசையில் கிடக்கிறது. அந்த நாட்டில் இந்த ஒரு விஷயத்தில் அவர் யாரையும் கேட்க முடியாது. அவரேதான் சொல்ல வேண்டும்.

அவனை நிரபராதியாக்கினால் எனக்குச் சுலபம். குற்றவாளியாக்கினால் அவருக்குச் சுலபம். ஆகவே அவன் [தள்ளினான்] [தள்ளவில்லை].

பார்த்தீர்களா, எனக்கும் தொற்றிக்கொண்டது.

தலைவர் செயலாளரைக் கூப்பிட்டார். இவர் தூதரகக் காலத்திலிருந்தே கூட வருகிறவர்.

"அவன் செஞ்சானா?"

"கோர்ட்டு செஞ்சான்னு சொல்லுது. அவன் இல்லேங்கிறான்."

"நடுவுல ஏதாவது இருக்கா?"

"நடுவுல ஜெயில் சுவருதாங்க ஐயா இருக்கு."

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னலைத் திறந்தார். ஜன்னலை மூடினார். மனைவி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றார் தலைவர்.

"கழுத்து ஒண்ணுதானேங்க இருக்கு."

"இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்னு…"

"அவன் என்ன ஆறா, நீங்க யோசிக்கிறவரைக்கும் ஓடாம நிக்கறதுக்கு?"

அவர் பேனாவை எடுத்தார். இவ்வளவு காலம் பழகிய கை, தன் போக்கில் எழுதியது: 'மனு [ஏற்கப்படுகிறது] [நிராகரிக்கப்படுகிறது].' கீழே அழகான கையெழுத்து. செயலாளர் வாசித்துப் பார்த்தார். அவருக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். பிறகு சுண்ணாம்பு ஞாபகம் வந்தான். சிரித்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.)

5

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. பேசியவர் சிறைக் கண்காணிப்பாளர்.

"ஐயா, காகிதம் வந்துருச்சு. அதைப் பத்தி நான் எதுவும் கேக்கல. சமையல்காரர் பக்கத்துல நிக்கிறாரு. நாளைக்கு மத்தியானத்துக்குச் சுண்ணாம்பையும் சேத்துச் சமைக்கச் சொல்லவா, வேண்டாமா?"

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கொள்கை அளவில…"

"அளவெல்லாம் சமையல்காரர் பாத்துக்குவாருங்க ஐயா. உண்டா, இல்லையா?"

முடிவு ஒன்று: "சமைங்க" என்கிறார். மறுநாள் மேஸ்திரியின் மனைவி வாசலில் வந்து நின்று, அவரைப் பார்த்துக்கொண்டு…

முடிவு இரண்டு: "வேண்டாம்" என்கிறார். சுண்ணாம்பைக் கூட்டிப்போகும்போது அவன் வழியிலிருக்கும் சுவரைப் பார்த்து, "யாரு அடிச்சது, இப்படித் திட்டுத் திட்டா" என்று…

இரண்டையும் முடிக்க முடியவில்லை.

முடிவு மூன்று: இணைப்பு அறுந்துபோகிறது. எழுதி, அடித்துவிட்டேன். அப்படி நழுவுவது அவர் வேலை, நான் செய்யக்கூடாது.

மனைவியாவது ரிசீவரைப் பிடுங்கிப் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வாய் திறந்திருக்கிறது. அது 'ச'வுக்குத் திறந்ததா, 'வே'வுக்குத் திறந்ததா என்று எழுதியவனுக்கே தெரியவில்லை.

எனவே ரிசீவரை உங்களிடம் நீட்டுகிறேன். தலைவரின் காதுச் சூடு அதில் இன்னும் இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். சமையல்காரர் நாளைய அரிசியை அளக்க உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக்கும் சேர்த்து அளப்பதா என்று கேட்கிறார்.