குட்டை மரத்தில் ஒரு நெட்டைக் கிளை

1.

இந்தக் கதையில் முதலில் வந்தது ஒரு கிளை. மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள். குட்டை ஊசியிலை மரங்களைப் பற்றி வாசித்தபோது, அவற்றில் சில திடீரென்று தங்கள் குட்டைத்தனத்தை மறந்துவிடும் என்று அறிந்தேன். உடனே அப்படியொன்றை யாருடைய முற்றத்திலாவது வைத்துவிட வேண்டும் போலிருந்தது.

முதல் தொடக்கம்: "1965ஆம் ஆண்டு, திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் சூரியன்..." (வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் மரத்தைக் காயவைக்கும் வேலை மட்டும்தான்.)

2.

ஜமால்தீன் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். மனைவி ஸாலிஹா அவரைவிட ஒரு சாண் உயரம். (முதலில் அரைச் சாண் என்று எழுதினேன். பக்கத்து வீட்டுச் சோமசேகரம் கேலி செய்ய அது போதவில்லை.) நுவரெலியாவுக்குப் போன ஸாலிஹா, பந்து போலிருந்த ஒரு குட்டை சைப்பிரஸ் கன்றோடு திரும்பினாள். சோமசேகரம் மதிலுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன ஜமால்தீன், உங்கட தம்பியும் வந்து சேர்ந்திட்டானோ?"

அன்றிலிருந்து வீதி முழுவதற்கும் அந்த மரம் 'தம்பி'.

இந்த வெக்கையில் அது எப்படிப் பிழைத்தது?* காலை வெயில் மட்டும் படும் சுவரோரம் வைக்க வேண்டும். சாடியின் அடியில் ஓட்டுத்துண்டு, மண்ணின் மேல் கூழாங்கல். வேர் குளிர்ச்சியாக இருக்கும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சாக்கு மறைப்பு. உள்பக்க இலைகள் பழுத்தால் பயந்து தண்ணீரை ஊற்றக் கூடாது. பழைய இலை அங்கேதான் உதிரும். ஸாலிஹா இதையெல்லாம் ஐந்து வருடம் செய்தாள்.

*பிழைத்திருக்காது என்கிறார் தாவரவியல் படித்த நண்பர். அவரைக் கதையில் சேர்க்கவில்லை.

3.

ஸாலிஹா கிண்ணியாவில் உறவு வீட்டில் நின்ற மாதங்களில், பந்தின் நடுவிலிருந்து ஒரு கிளை நேராகக் கிளம்பியது. ஜமால்தீன் அதற்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

இதை விளக்க எனக்கு ஆசை. எங்கோ ஒரு பெரிய மரத்தில் ஒரு கொப்பு மட்டும் குன்றித் திரண்டு வளரும். அதை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் இப்படியொரு குட்டை மரம். பெரிய மரம் அதற்குள்ளேயே இருக்கிறது. அது நெட்டைக் கிளையாக வெளியே வந்தால், சாப்பாட்டையெல்லாம் அதுவே எடுக்கும். பந்து மெல்லக் கருகும்.

திரும்பி வந்த ஸாலிஹா கத்தரியை எடுத்தாள். ஜமால்தீன் மறித்தார். [இங்கே அவரைக் கத்தவைத்தேன். அவர் கத்துகிற ஆள் இல்லை.] சோமசேகரத்துக்குப் பதில் சொல்ல வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒன்று கிடைத்திருந்தது. அன்று காலையில்தான் ஜமால்தீன் அவரிடம் சொல்லியிருந்தார்: "இன்னும் ரெண்டு வருசத்தில தம்பி மதிலுக்கு மேலால உங்கட குசினியைப் பார்ப்பான்."

"ஒருக்கா வளரட்டும், ஸாலிஹா."

"விட்டா மற்றது சாகும்."

"நெட்டை மரமொண்டு மிஞ்சும்தானே?"

"நெட்டை வேணுமெண்டா நெட்டையை எடுத்திருப்பன். நான் குட்டையைப் பார்த்துத்தான் எடுத்தனான்."

4.

முடிவு ஒன்று: ஸாலிஹா வெட்டுகிறாள், மதிலுக்கு மேல் சோமசேகரத்தின் தலை. முடிவு இரண்டு: ஜமால்தீன் வெல்கிறார், அடுத்த கச்சானுக்குள் பந்து பழுப்பு. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழாததுபோல் ஆகிவிடுகிறது.

அவள் மரத்தைத்தான் சொன்னாளா? எனக்குத் தெரியாது. கத்தரியை ஜமால்தீன் கையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அதன்பின் எழுதிய வாக்கியமெல்லாம் "ஜமால்தீன்..." என்று தொடங்கி அங்கேயே நிற்கிறது.

ஆகவே கத்தரியை உங்களிடம் தருகிறேன். வெட்டுவதானால் கிளை புறப்படும் இடத்தில், அடியோடு வெட்டுங்கள். பாதியில் வெட்டினால் அது இரண்டாகக் கிளைத்து வரும்.