தகவல் தந்தவர்

அமெரிக்காவின் ப்யூட் நகரத்துத் தெருமுனையில் நின்று "ஜெரமையா சல்லிவன்!" என்று ஒரு குரல் கொடுத்தால், அந்தக் காலத்தில் பாதித் தெரு திரும்பிப் பார்த்திருக்கும். அத்தனை பேரும் அயர்லாந்தின் ஒரே கடற்கரையிலிருந்து வந்து, ஒரே மலைக்குள் செம்பு வெட்ட இறங்கியவர்கள். தாத்தா பேர் பேரனுக்கு, பாட்டி பேர் பேத்திக்கு என்று வைத்துக்கொண்டே போனால் வேறு என்ன நடக்கும்? புதுசாக ஒரு பேர் யோசிக்க அந்தச் சனங்களுக்கு அப்படி என்ன சோம்பலோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அந்தச் சோம்பலில்தான் ஹன்னா சல்லிவன் இரண்டு வருடமாக மாட்டிக்கொண்டு முழித்தாள். வயது அறுபத்து நான்கு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஜெரமையா, அவளுடைய தாத்தா. 1911-ல் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். தீ பரவாமலிருக்க அந்தப் பாதையை அப்படியே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். உடல் வெளியே வரவில்லை, அதனால் கல்லறையும் இல்லை. அவள் அப்பா டேனியல் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமாகிப்போன கதை இது. சுரங்கத்தில் மாண்ட ஐரிஷ்காரர்களுக்கு ஊரில் ஒரு பெயர்ச்சுவர் எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தாத்தாவுக்குக் கல்லறைதான் இல்லை, பேராவது இருக்கட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

பேர் ஏற வேண்டுமானால் அத்தாட்சி வேண்டும். அதைப் பார்த்துச் சொல்கிற ஆள் பெர்னி ஷீ. ஊர்ப் பதிவுகளைப் பாதுகாக்கும் காப்பகத்தில் வேலை. ஹன்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். வாய் மட்டும் அப்போதிருந்தே ஓயாது.

"வா ஹன்னா, இன்னைக்கு மூணு ஜெரமையா சிக்கியிருக்கான். ஒருத்தன் குடிச்சுட்டு மாடிப்படியில உருண்டவன். ஒருத்தன் நிமோனியா. இன்னொருத்தனுக்கு வயசே நாலு. எவன் வேணுமோ எடுத்துட்டுப் போ."

"உன் வாயில கொள்ளிய வைக்க. அடுத்த பெட்டியை எடுடா."

மரண விசாரணைக் கட்டுகளைப் பார்த்தார்கள், இல்லை. அந்த வருடத்துப் பத்திரிகைகளைப் பார்த்தார்கள், தீ விபத்து இருந்தது, பேர் இல்லை. வீட்டு விலாசங்களைத் தெருவாரியாகப் போடும் நகர விலாசப் புத்தகத்தில் மட்டும் ஒன்று கிடைத்தது. 1910-ல் 'ஜெரமையா, சுரங்கத் தொழிலாளி' என்றிருந்த அதே வீட்டில், 1912-ல் 'நோரா, ஜெரமையாவின் விதவை' என்றிருந்தது. ஹன்னா மேசையைத் தட்டினாள்.

"பாத்தியா? எங்க பாட்டி விதவைன்னு அச்சுல இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

பெர்னி காதைச் சொறிந்தான். "கோச்சுக்காதே. புருஷன் ஓடிப்போனாலும் இந்த ஊர்ப் பொம்பளைங்க விலாசக்காரன்கிட்ட விதவைன்னுதான் சொல்லுவாங்க. வேற என்னத்தைச் சொல்லுவாங்க பாவம்? இதை வெச்சு மட்டும் பேர் ஏத்த முடியாது."

"நாக்கு அழுகிப்போகும் உனக்கு! எங்க தாத்தாவைப் பத்தியா பேசறே?" அன்றைக்கு அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்த வேகத்தில் கைப்பையை அங்கேயே மறந்துவிட்டாள்.

பெர்னியே பையைக் கொண்டுவந்து கொடுத்து, ஒரு வழியும் சொன்னான். அவர் வயதுக்காரனாக, அந்தப் பேரில், 1911-க்குப் பிறகு மேற்குப் பக்கத்து ஊர்களில் செத்தவன் எவனெவன் என்று பார்த்து, ஒவ்வொருவனுடைய மரணச் சான்றிதழையும் எழுதிக் கேட்டு வாங்கு. இவன் இல்லை, இவனும் இல்லை என்று எல்லாரையும் கழித்துவிட்டால், மிச்சம் சுரங்கம்தானே? அப்போது சுவர் எழுப்பும் குழு குடும்பத்தின் வார்த்தையை ஏற்றுக்கொள்ளும்.

அப்படித்தான் கழிக்க ஆரம்பித்தாள். டென்வர் ஜெரமையா இல்லை. சியாட்டில் ஜெரமையா இல்லை, அவன் கல்யாணமே ஆகாதவன். ஒவ்வொருவன் கழியும்போதும் அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மர்ட்டிக்கு போன் போட்டுச் சொல்லுவாள். மர்ட்டி சியாட்டிலில் இருந்தான். "விடாதே ஹன்னா, தேடு" என்பான்.

இவ்வளவு வெறி எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன். அவளுக்கு இருபத்திரண்டு வயதில் நீல் ஹேரிங்டன் என்று ஒருவன் இருந்தான். டகோமா கப்பல் தளத்தில் வேலை கிடைத்து, "கல்யாணம் பண்ணிக்கிட்டு கூட வா" என்று கூப்பிட்டான். அம்மா செத்து மூன்று வருடம். அப்பாவுக்கு நெஞ்சில் கல்தூசி, இருமினால் சுவர் அதிரும். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. "எங்கப்பன் செத்தாரே தவிர எங்களை விட்டுட்டுப் போகலம்மா. சல்லிவன் ரத்தம் யாரையும் விட்டுட்டுப் போனதில்ல. உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான். நீல் தனியாகப் போனான். தம்பி ஏற்கெனவே போயிருந்தானே என்றால், ஆம்பளைப் பிள்ளை பிழைப்புக்குப் போவது வேறு என்று வைத்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சோறு போட்டு, மூச்சுத்திணறலுக்கு முதுகு தடவி, 1981-ல் கண்ணை மூடவைக்கும் வரை ஹன்னா அந்த வீட்டை விட்டு நகரவில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் அந்தத் தாத்தாவை நினைத்துத்தான் அத்தனை வருடத்தையும் பொறுத்துக்கொண்டாள். அவர் பேர் சுவரில் ஏறினால் அவள் இருந்ததற்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

சுவர் திறப்பு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொன்னால் பேரைப் பதித்துவிடுவதாக பெர்னி ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தான். குடும்பத்தின் சார்பில் பேச மர்ட்டி வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை கடைசி ஜெரமையா தபாலில் வந்தான், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து. இவனையும் கழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நின்றுகொண்டே உறையைக் கிழித்தாள்.

ஜெரமையா சல்லிவன். பிறந்தது அயர்லாந்து. துறைமுகத் தொழிலாளி. இறந்தது 1938, இதய நோய். மனைவி கேத்தரின், முன்பே காலமானவர். தகப்பன் பேர் மர்ட்டி, தாய் பேர் ஹன்னா. இதில் எதற்கும் அவள் பதறவில்லை, அந்தப் பேர்கள் அந்தச் சனங்களில் கூடைக்கு ஒன்பது கிடக்கும். கீழே 'தகவல் தந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், 'டேனியல் சல்லிவன், மகன், ப்யூட், மொன்டானா.' அதற்கடுத்து விலாசம். அவள் நின்றுகொண்டிருந்த வீட்டின் விலாசம். பக்கத்தில் கையெழுத்து. அவளுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் இருந்த அதே வளைந்த கையெழுத்து.

ஹன்னா நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தாள். நல்லவேளை, நாற்காலி இருந்தது. அப்பாவுக்குத் தெரியும். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தெரியும். போய்ப் பார்த்து, அடக்கம் பண்ணி, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து, அதற்குப் பிறகு இருபது வருடம் கழித்து அவள் முகத்தைப் பார்த்து அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். பெற்ற மகளை இப்படியா ஒருவன் ஏமாற்றுவான்? வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பெர்னிக்கும் சொல்லவில்லை. தம்பி வரட்டும், அவனும் என்னைப்போல ஏமாந்தவன்தானே, இரண்டு பேருமாக உட்கார்ந்து அழலாம் என்று இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மர்ட்டி வந்து சேர்ந்தான். மகள் ஐலீன்தான் சியாட்டிலிலிருந்து காரை ஓட்டிவந்தாள். முப்பத்தைந்து வயது, கலகலப்பானவள். அம்மா இறந்ததும் தன் வீட்டைக் காலிசெய்துவிட்டு அப்பாவோடு வந்துவிட்டவள். இரண்டு அண்ணன்மாரும் எங்கெங்கோ குடும்பமும் குழந்தைகளுமாக இருந்தார்கள், மறுநாள் நேராக விழாவுக்கு வருவதாக ஏற்பாடு.

"அத்தை, இவரு வழியெல்லாம் பேச்சை ஒப்பிச்சுட்டே வந்தாரு. சுரங்கத் தீயை எனக்கே நேர்ல பாத்த மாதிரி ஆயிடுச்சு" என்றாள் ஐலீன். பிறகு அப்பாவுக்கு விஸ்கி தீர்ந்துவிட்டதென்று கடைக்குப் போனாள்.

ஹன்னா மர்ட்டிக்கு ஒரு பேஸ்டியைச் சூடாகத் தட்டில் வைத்தாள். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது, அவனுக்குப் பிடித்தது. தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தையும் வைத்தாள். மர்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். கடைசி வரி வரை படித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

"எப்ப வந்துது இது?"

ஹன்னா காத்திருந்தாள். இது யார், இது எப்படி, அப்பா பேர் இதில் ஏன் இருக்கிறது என்று அடுத்ததாக ஏதாவது கேட்பான் என்று பார்த்தாள். அவன் முள்கரண்டியை எடுத்தான்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"ஹன்னா, முதல்ல சாப்பிட விடு."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுடா. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நான் ஊரை விட்டுக் கெளம்பின அன்னைக்கு. பஸ் ஸ்டாண்டுல எனக்கு அழுகை வந்துடுச்சு, போகலன்னு பெட்டியைக் கீழே வெச்சுட்டேன். அப்பாதான் தோள்ல கை போட்டுச் சொன்னாரு. 'டேய், எங்கப்பனே ஒருநாள் இப்படிக் கெளம்பிப் போனவன்தான். வானம் இடிஞ்சா விழுந்துது? நாங்க வளரலியா? நீ போய் உன் பொழப்பைப் பாரு'ன்னாரு. அதுக்கப்புறம்தான் பஸ்ஸுல ஏறினேன்."

அது 1958. அடுத்த வருடம்தான் நீல் அவளைக் கூப்பிட்டது. ஒரே மனிதர், ஒரே வாய். மகனை வழியனுப்ப உண்மையைச் சொன்ன அந்த வாய், மகளைக் கட்டிப்போடப் பொய்யைச் சொல்லியிருக்கிறது. செத்தவர் மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, இதோ ஒருவன் எதிரே உட்கார்ந்து மெல்லுகிறானே!

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உனக்கு போன் பண்ணினேனே. அவன் இல்ல, இவன் இல்லன்னு பைத்தியம் மாதிரி சொல்லிட்டிருந்தேனே. 'விடாதே, தேடு'ன்னியே பாவி!"

"கிடைக்காதுன்னு நெனச்சேன். உனக்கும் பொழுது போகணும்ல?"

"பொழுதா? நீலு வந்து இதே அடுக்களையில நின்னப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே. ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே."

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லியிருந்தா நீ போயிருப்பே. அப்புறம் அவரை யாரு பாத்திருப்பா?"

"நீ பாத்திருப்பே."

மர்ட்டி விழித்தான். நடிப்பில்லை. இத்தனை வருடத்தில் அந்த யோசனை அவனுக்கு ஒருதடவைகூட வந்ததில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றான். "நாளைக்கு என் பசங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க. பேர் சொவத்துல இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடு."

ஹன்னா எழுந்து சுவரோரம் இருந்த போனை எடுத்தாள்.

"பெர்னி, எங்க தாத்தா பேரைப் போடாதே."

"ஏன், அத்தாட்சிக்காகவா? நான் குழுகிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டாங்க."

"அத்தாட்சி கிடைச்சுடுச்சு. நீ அன்னைக்குச் சொன்னதுதான். ஓடிப்போனவன்."

வாயாடி பெர்னிக்கு அன்றைக்கு ஒரு கேலியும் வரவில்லை. "சரி ஹன்னா" என்று மட்டும் சொன்னான். அவள் போனை வைத்தாள்.

"குடும்ப மானத்தை வாங்கிட்டியே" என்றான் மர்ட்டி. "என் பசங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், பசங்களுக்குத் தெரியும். வீட்டை விட்டுப் போறப்போ ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். அப்பா எனக்குச் சொன்ன மாதிரி, ஒரு தைரியத்துக்கு. அவங்க பெண்டாட்டி பிள்ளைங்களுக்குத்தான் தெரியாது."

"ஐலீனுக்கு?"

மர்ட்டி தட்டைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஐலீனுக்கு என்ன சொல்லி வெச்சிருக்கே? போன வருஷம் போர்ட்லாந்துல அவளுக்கு நல்ல வேலை வந்துதே, வேண்டாம்னுட்டாளே, அன்னைக்கு அவகிட்ட எந்தக் கதையைச் சொன்னே?"

வாசலில் காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மர்ட்டி சட்டென்று அவள் கையைப் பிடித்தான்.

"வேண்டாம் ஹன்னா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அவளும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஹன்னா கையை விடுவித்துக்கொண்டாள். ஐலீன் புட்டியோடு உள்ளே வந்து, அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

"யாரும் சாகலம்மா, அதான் விஷயம்" என்று ஹன்னா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு, சொல்றேன்."