மார்த்தா போன கோடு

பிளாஸ்ரிக், தகரம், அறுந்த வலை பொறுக்குகிறவர்களுக்குத் திட்டக்காரர்கள் ஆளுக்கொரு போன் கொடுத்தபோது மார்த்தாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதில் ஒரு வரைபடம். ஆள் நிற்கும் இடம் புள்ளியாகத் தெரியும். ஆள் போன வழி அவருடைய பெயரோடு பச்சைக் கோடாகும். மற்றவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துப் போகலாம். இந்தியாவின் அகதி முகாமிலிருந்து அரிப்புக் கிராமத்துக்குத் திரும்பிய மார்த்தாவுக்கும், புத்தளத்திலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு றம்லாவுக்கும் அது சின்ன விஷயமில்லை. மிதிவெடி எடுத்து முடியாத காணிகள் இன்னும் கிடந்தன.

"கோடு இருக்கே, பிறகென்ன பயம்?" என்பாள் றம்லா.

நேற்று மத்தியானம் மார்த்தாவின் கழுதை கடற்கரையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. முதுகில் சாக்கு, சாக்குக்குள் அவளுடைய போன். பொழுதுபட, காதெல்லாம் உடைமுள்ளோடு தானாக வீடு வந்து சேர்ந்தது. போன் கிடைத்ததே போதுமென்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். அவளைப் போலவே போனோடு பொறுக்கப் போகும் புருஷன் அல்பிரட்டிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஏசியே கொன்றுவிடுவான்.

இன்று காலை அவன் கடற்கரைக்குப் போன பிறகுதான் வரைபடத்தைத் திறந்தாள். உடைமரங்கள் அடர்ந்த உடங்காட்டுக்கு நடுவே புதிதாக ஒரு கோடு. மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கும் காடு அது. விறகுக்குக்கூட ஒருவரும் போவதில்லை. கோட்டில் அவளுடைய பெயர் இருந்தது. அது கடற்கரையில் தொடங்கி, அவள் வளவில் கழுதை கட்டும் முளையடியில் முடிந்தது.

கோட்டின் நடுவில் ஒரு புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. அல்பிரட்.

மார்த்தா உடனே அவனை அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நில்லுங்கோ! காலை எடுக்காதேங்கோ!"

"ஏன்? நீ நேற்று வந்த பாதைதானே. உன்ரை பேர் கிடந்தது, நம்பி வந்தனான். வெடி எடுத்துப்போட்டுப் பலகையைக் கழட்டாமல் விட்டிட்டாங்கள் எண்டு நினைச்சன்."

"நான் வரேல்லையப்பா. போனோடை கழுதைதான் வந்தது."

சோளகக் காற்று போனுக்குள் இரைந்தது.

"வந்த அடியிலேயே திரும்பி வாங்கோவன்."

"அடி எங்கை மார்த்தா? காத்து மணலை அள்ளி எல்லாத்தையும் மூடிப்போட்டுது."

"அப்ப அப்பிடியே நில்லுங்கோ. நான் வெடி எடுக்கிற ஆக்களைக் கூட்டியாறன்."

ஓடிக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தாள். பச்சைக் கோடு தடித்திருந்தது. இப்போது அதில் மார்த்தா, அல்பிரட் என்று இரண்டு பெயர்கள். காட்டின் ஓரத்தில் மூன்றாவது புள்ளி கோட்டுக்குள் திரும்பியது. றம்லா.

கத்தினால் கேட்கிற தூரமில்லை. றம்லாவை அழைப்பதென்றால் இந்த அழைப்பைத் துண்டிக்கவேண்டும்.

"போனை வைச்சிடாதை மார்த்தா," என்றான் அல்பிரட். "எனக்குக் கால் நடுங்குது. ஏதாவது கதைச்சுக்கொண்டிரு."

"மாதாவே," என்று அழுதபடி அவள் துண்டித்தாள்.

றம்லாவின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. புள்ளி நிற்கவில்லை.