மைனஸ் மூன்றின் வர்க்கம்

அண்ணனின் புருவத் தழும்பு போட்டோவில் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது கட்டத்தில் விழுந்தது. மைனஸ் மூன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். வேலைக்கு மனுப் போட எடுத்ததில் மிச்சமான போட்டோ. அதன் மேலேயே பென்சிலால் கட்டம் கிழித்து, மூக்கு நடுவே பூச்சியம் வைத்திருந்தேன். முகத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் எண் எடுத்துச் சூத்திரத்தில் போட்டு, வருகிற எண்ணுக்குப் புள்ளியை நகர்த்தி நோட்டில் வரைய வேண்டும். இரண்டால் பெருக்கினால் அண்ணன் குண்டாவான். உயரத்தைச் சேர்த்துக் கூட்டினால் சாய்ந்துபோவான்.

பத்தாவதில் கணக்கில் சார்பு பாடம் நடந்துகொண்டிருந்தபோது என் பையில் எவனோ ஒரு கடிதம் வைத்துவிட்டான். குரும்பகரம் பஸ் ஸ்டாப்பில் ஊரே பார்க்க அண்ணன் தியாகராசன் என்னை அடித்து இழுத்துவந்தான். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. அடி நிற்கவில்லை. சோறு குழைந்தால் அடி, வாசலில் நின்றால் அடி. எண்பத்து மூன்று ஐப்பசியில் உடைந்த இடது சுண்டுவிரல் வளைந்தபடியே கூடிவிட்டது.

தழும்புக்கு எண் எடுத்த அன்று வர்க்கம் போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒன்பது, மைனஸ் மூன்றும் ஒன்பது. இடப்பக்கம் மொத்தமும் வலப்பக்கத்தின் மேல் வந்து விழுந்தது. ஒரே கண். ஐந்திலிருந்த காது இருபத்தைந்துக்குப் போக, கன்னம் இழுபட்டுப் பூசணியாக நின்றது. பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நாலு நாளில் கடைவாய்ப் பல்லில் சீழ் கண்டு, அண்ணனுக்கு அதே பக்கக் கன்னம் வீங்கியது. ஒத்தடத்துக்குத் துணி தேடிப் பெட்டியைக் கிளறியவன் கையில் நோட்டு அகப்பட்டது. கட்டங்கள், எண்கள், கோடு கிழித்த அவன் முகம், கடைசிப் பக்கத்தில் அந்த வீக்கம்.

"எந்திரம் போட்டுருக்காம்மா. என் உசுருக்கே சூனியம் வச்சிருக்கா ஒம்பொண்ணு."

கணக்குதான் என்று சொன்னேன். போட்டோவையும் எண் எழுதிய தாள்களையும் கிழித்து அடுப்பில் போட்டான். வீங்கிய முகம் வரைந்த தாளை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, என் முடியைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்தான். நிலைப்படியில் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் எழுதுகிற கையை அம்மியில் வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு குழவியைத் தூக்கினான்.

எந்த அடிக்கும் குறுக்கே வராத அம்மா அன்று வந்து குழவியைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய நசுக்கிட்டா யாருடா எடுப்பா?"

நம்பித்தான் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது. அண்ணன் குழவியை அவளிடமே விட்டுவிட்டான்.

"எடுத்து வுடு. பழையபடி ஆக்கு."

அவன் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

பழையபடி ஆகாது. ஒன்பதில் நிற்கிற புள்ளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய தாள்களை அவனே எரித்துவிட்டான். வாயைத் திறந்தால் இதைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். வந்தது வேறு.

"நேரா உக்காருங்கண்ணே. முடியிற வரைக்கும் அசையக் கூடாது. பேசக் கூடாது."

உட்கார்ந்தான், வெறும் மண்ணில். அம்மா குழவியைக் கீழே வைக்கவில்லை. புதுத் தாளில் நடுக்கோடு இழுத்தேன். அதன் மேல் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது; துடைத்தேன். எந்தச் சூத்திரம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வெயில் ஏறியது. வீங்கிய கன்னத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, மெல்ல நடந்து, அவன் உதட்டோரம் வரை போனது. அவன் அதை ஓட்டவில்லை.