வலது கதிரை

என் கணவர் கிறகோரி ஏழு வருடமாகப் பிளேன் ஓட்டவில்லை. அந்த ஏழு வருடமும் குருநகரில் என் தம்பியின் ஐஸ் தொழிற்சாலைக்கு மேல்மாடியில்தான் எங்கள் குடியிருப்பு. கப்டன் என்று ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய மனிதர், ஆட்குறைப்பில் வேலை போன பிறகு மச்சானின் மெசினோடு மாரடித்தார். தம்பி ஒரு சொல் சொல்லமாட்டான். அவன் பெண்சாதி ஸ்ரெல்லா சொன்னதற்குத்தான் கணக்கில்லை. நான் உலை வைத்தாலே, "எங்கடை விறகு கெதியா முடியுது" என்று சுவருக்குச் சொல்வாள். இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதைத் தவிர மாதாவிடம் நான் வேறெதையும் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு விமானக் கொம்பனி அவரைத் திரும்ப அழைத்தது. கொழும்பில் வீடும் தருவார்களாம். நான் அழுதே விட்டேன்.

ஒரேயொரு வில்லங்கம். அந்த மெசின் இரைந்து இரைந்து அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. இடப்பக்கம் நின்று "இஞ்சாருங்கோ" என்று கத்தினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். "எனக்கு நல்லாக் கேக்குது. நீர்தான் முணுமுணுக்கிறீர்" என்பார். டாக்குத்தர் முகத்துக்கு நேரே நின்று கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, காது நன்று என்று எழுதியும் வாங்கிவிட்டார்.

நானும் பேசாமல் விட்டேன். பிளேனில் கப்டனுக்கு இடது கதிரை. உதவி விமானி அவருக்கு வலப்பக்கம், நல்ல காதுப் பக்கம். செத்த காதுக்கு யன்னல்தானே, யன்னல் கதைக்கவா போகிறது?

பிறகுதான் மெல்ல வாயைத் திறந்தார்.

"கன காலம் விட்டுப்போட்டன் எண்டு, முதல் ஒரு வருசம் வலது கதிரையிலைதான் இருத்துவினம்."

வலது கதிரைக்காரனுக்குக் கப்டன் இடப்பக்கம். தரையிலிருந்து வரும் பேச்சைக் கேட்க நல்ல காதை ஹெட்போன் மூடிக்கொள்ளும். கப்டன் வாயால் சொல்வதைக் கேட்க மிஞ்சுவது மற்றக் காது.

"பின்னாலை இருக்கிற சனம் என்ன பாவம் செய்தது?" என்று கத்தினேன்.

"சோதிச்சுப் பாரும். ஒண்டு பிழைச்சாலும் நான் போகேல்லை."

இரண்டு கதிரைகளை அருகருகே போட்டோம். நான் இடப்பக்கம், கப்டன். அவர் வலப்பக்கம். ரேடியோச் செய்தியை ஹெட்போனில் விட்டு வலது காதில் மாட்டிக்கொண்டார். சக்கரத்தை இறக்க "கியர் டவுன்", ஏற்ற "கியர் அப்" என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். லீவரைப் பிடித்ததுபோல் ஏறி இறங்கிய அவர் கை ஒருமுறைகூடத் தவறவில்லை. கொழும்பு வீட்டுக் குசினியில் நான் ஒருத்தியே உலை வைப்பது எனக்குத் தெரிந்தது. பிழைக்கக்கூடாது மாதாவே என்று வேண்டியும்கொண்டேன்.

அப்போதுதான் கண்டேன். ஒவ்வொரு முறையும் அவர் கடைக்கண்ணால் என் வாயைப் பார்த்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

"கியர் டவுன்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே கையை இறக்கினார்.

"பாத்தீரே? ஒண்டும் பிழைக்கேல்லை!"

கலியாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு. அவர் என்னை ஏமாற்றவில்லை. கேட்டதாகவே நம்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் கொழும்பு. ஸ்ரெல்லாவின் முகத்தில் விழிக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ஹெட்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு, "கடைசியா நான் சத்தம் போடேல்லை. சும்மா வாயை அசைச்சனான்" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். உம்மடை குரல் கேட்டது."

"பிளேன் இறங்கேக்கை கப்டன் உங்கடை முகத்தைப் பாத்தே சொல்லுவார்?"

அவர் ஹெட்போனை மடியில் வைத்து அதன் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

"அப்ப நான் கேட்டது ஆருடைய குரல், ராணி?"

நான் எழுந்து அவருடைய வலப்பக்கம், நல்ல காதடிக்குப் போய், நாங்கள் இனி எங்கேயும் போகப்போவதில்லை என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.